சேற்றில் வாழும் ஊதாக் கிருமி

செம்மண், கரிசல், வண்டல் என்று மண்ணை அதன் நிறத்தையும் குணத்தையும் வைத்துப் பெயர் சொல்லி அழைப்பது நம் வழக்கம். அந்த மண்ணுக்குள் வாழும் கிருமிகளுக்கும் நிறம் உண்டு. ஒரு கிருமி தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கோடிக்கணக்கில் ஓரிடத்தில் பெருகிப் புள்ளியாகத் திரண்டால், அது மஞ்சளா, சிவப்பா, ஊதாவா என்பது வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மழைக்காலத்தில் குளத்து நீரையோ வயல் மண்ணையோ கரைத்து அகார் தட்டில் பூசி, இரண்டு நாள் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலைகளில் ஒன்று. பெரும்பாலான புள்ளிகள் வெளுத்த நிறத்தில்தான் இருக்கும். நடுநடுவே மாம்பழ மஞ்சள், ஆரஞ்சு, ரோஜா நிறப் புள்ளிகள் தலைகாட்டும். சில சமயம் குங்குமச் சிவப்பு. எப்போதாவது ஒரு தட்டில் கத்தரிக்காய்த் தோலைப் போல அடர்ந்த ஊதாப் புள்ளி ஒன்று வரும். இன்றைய பதிவு அந்த ஊதாப் புள்ளியைப் பற்றியது. அதன் பெயர் குரோமோபாக்டீரியம் வயலேசியம். பெயருக்கு 'ஊதா நிறமுள்ள வண்ணக் கிருமி' என்று பொருள்.

பூவின் நிறம் வண்டை அழைக்க. கிருமிக்கு எதற்கு நிறம்? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் கரோட்டினாய்டு வகை நிறமிகள். கேரட்டில் இருப்பவற்றின் உறவினர்கள். கடும் வெயிலால் செல்லுக்குள் விளையும் கேட்டைத் தாங்கிக்கொள்ள இவை உதவும். வெயில் கொளுத்தும் நம்மைப் போன்ற நாடுகளில், இலைமேலும் நீர்ப்பரப்பிலும் வாழும் கிருமிகளில் இந்த நிறங்கள் அதிகம் தென்படுவதில் வியப்பில்லை. உப்பளப் பாத்திகளில் உப்பு முற்றும் நேரத்தில் தண்ணீர் செந்நிறமாக மாறுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கும் உப்பை விரும்பி வாழும் செந்நிற நுண்ணுயிர்கள்தாம் முக்கியக் காரணம். வேறு சில நிறமிகள் வெயிலுக்காக ஏற்பட்டவை அல்ல. அக்கம்பக்கத்துக் கிருமிகளை விரட்டும் விஷங்கள் அவை. ஊதா அந்த ரகம்.

நிறம் கற்றுத்தந்த பாடம்

நுண்ணுயிரியல் என்ற துறை பிறந்ததற்கே நிறக் கிருமிகளுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். 1870களில் கிருமிகளை ஊறவைத்த நீரிலும் கஷாயத்திலும்தான் வளர்த்தார்கள். பத்து வகைக் கிருமிகள் கலந்து கிடக்கும். எது எதைச் செய்கிறது என்று பிரிக்க முடியாது. ஜெர்மானியரான ஜோசப் ஷ்ரோட்டர் 1872இல் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளில் விதவிதமான நிறப் புள்ளிகள் தோன்றுவதைக் கவனித்தார். ஒரு புள்ளியைத் தொட்டு வேறொரு துண்டில் வைத்தால் அதே நிறமே மீண்டும் வந்தது. அதாவது ஒரு புள்ளி, ஒரே வகைக் கிருமியின் குடும்பம். நிறம் இல்லாமல் எல்லாமே வெள்ளையாக இருந்திருந்தால் இது இவ்வளவு எளிதாகக் கண்ணில் பட்டிருக்காது. பின்னர் ராபர்ட் கோக் இந்த வழியை வளர்த்தெடுத்து, 1881இல் கெட்டியான ஊட்டத்தில் கிருமிகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறையை உலகுக்குக் காட்டினார். காசநோய்க் கிருமியை அவர் பிடித்தது அதற்கு அடுத்த ஆண்டு.

அந்தப் பத்தாண்டில் நிறத்தை வைத்தே கிருமிகளுக்குப் பெயர் வைத்தார்கள். 1882இல் பிரெஞ்சுக்காரர் கார்ல் ஜெஸ்ஸார், கட்டுத்துணிகளை நீலப்பச்சையாக்கும் சீழ்க் கிருமியைப் பிரித்தெடுத்தார். இன்று நாம் சூடோமோனாஸ் என்று அழைப்பது அதைத்தான். 1884இல் ரோசன்பாக், கொத்துக் கொத்தாக வளரும் சீழ்க் கிருமிகளைப் பொன்னிறம், வெள்ளை என்று இரண்டாகப் பிரித்தார். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பெயரில் உள்ள 'ஆரியஸ்' என்பதற்குப் பொன் என்று பொருள்.

நம் ஊதாக் கிருமியும் அதே காலத்தில்தான் ஏட்டில் ஏறியது. இத்தாலியின் மொடேனா நகரத்தைச் சேர்ந்த பெர்கொன்சினி 1880-81இல் அதை விவரித்துப் பெயர் சூட்டினார். 1882இல் லெகாக் த புவாபோத்ரான் என்ற பிரெஞ்சு வேதியியலர், மாவுப் பசையில் தோன்றிய ஊதாச் சாயத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். இவர் சாதாரண ஆள் அல்ல; 1875இல் காலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தவர். மாவுப் பசை ஊதாவானால் நாம் கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடுவோம். அவர் அதன் நிறத்தை ஆராய உட்கார்ந்தார்.

அறிவியல் அன்று நிறத்தின் பின்னால் போனதில் தவறில்லை. கண்ணைத் தவிர வேறு கருவி அதிகம் இல்லாத காலம் அது. ஆனால் நிறத்தையே அடையாளமாகப் பிடித்துக்கொண்டதால் இரண்டு குழப்பங்கள் வந்தன. ஒன்று, நிறமுள்ள கிருமி பார்க்க அழகாக, பாவமாகத் தோன்றியது. மற்றொன்று, ஒரே நிறமுள்ளவை எல்லாம் ஒரே இனம் என்று ஆகிப்போனது. இரண்டுமே தவறு என்று புரிய வெகுகாலம் பிடித்தது.

அழகானது சாதுவானதா?

முதல் குழப்பத்துக்கு நல்ல உதாரணம் சிவப்புக் கிருமி. 1819இல் இத்தாலியின் பதுவா நகருக்கு அருகே மக்காச்சோளக் களியில் இரத்தத் துளிகள் போலச் சிவப்பு தோன்றி ஊரே கலங்கியது. பார்த்தோலொமியோ பிசியோ என்ற மருந்தியலர் ஆராய்ந்து, இது சாபமும் அல்ல, அற்புதமும் அல்ல, ஓர் உயிரி என்று காட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் செராஷியா மார்செசென்ஸ்.

இந்தக் கிருமியால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று ஏறக்குறைய நூறாண்டுக்கும் மேலாக நம்பினார்கள். சிவப்பாக இருப்பதால் எங்கே போய் விழுந்தாலும் கண்டுபிடிக்கலாம் அல்லவா? அதனால் அதை 'அடையாளக் கிருமி'யாகப் பயன்படுத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கார்டன் என்ற மருத்துவர் இந்தக் கிருமிக் கரைசலால் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆளில்லாத நாடாளுமன்றக் கூடத்தில் நின்று ஷேக்ஸ்பியர் வசனங்களை உரக்கச் சொன்னார். பேச்சோடு தெறிக்கும் எச்சில் எவ்வளவு தூரம் போகிறது என்று, ஆங்காங்கே வைத்த தட்டுகளில் முளைத்த சிவப்புப் புள்ளிகள் காட்டிக்கொடுத்தன.

இதே நம்பிக்கையில் 1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை, கிருமிப் போருக்கான ஒத்திகையாக, சான்பிரான்சிஸ்கோ கரைக்கு அப்பால் கப்பலிலிருந்து இதைக் காற்றில் தெளித்தது. நகர மக்களுக்கு எதுவும் சொல்லவில்லை. அதே காலத்தில் அந்நகர மருத்துவமனை ஒன்றில் 11 பேருக்கு இந்தக் கிருமியால் தொற்று வந்தது, ஒருவர் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். தொடர்பு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். இது தீங்கில்லாதது என்ற நம்பிக்கை பொய் என்பது மட்டும் தெளிவாயிற்று. இன்று மருத்துவமனைத் தொற்றுகளில் செராஷியா எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

எருமையிலிருந்து மனிதனுக்கு

ஊதாக் கிருமியின் கதையும் இப்படித்தான் போயிற்று. மண்ணிலும் நீரிலும் கிடக்கும் அழகான அப்பாவி என்றுதான் அதைப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். 1905இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே வயலில் உழும் நீரெருமைகள் காய்ச்சல் கண்டு மாண்டன. மணிலாவில் பணியாற்றிய வூலி என்ற ஆய்வாளர் அவற்றின் உடலிலிருந்து ஊதாக் கிருமியைப் பிரித்தெடுத்தார். உயிரைக் கொல்லும் வல்லமை அதற்கு உண்டு என்று முதலில் காட்டியவர் அவர்தான்.

எருமை நாளெல்லாம் சேற்றில் கிடக்கும் பிராணி. மனிதனுக்கு வருமா என்ற கேள்விக்கு விடை 1927இல் மலாயாவிலிருந்து வந்தது. மனிதனுக்கு இந்தக் கிருமியால் நோய் வந்ததாகப் பதிவான முதல் செய்தி அது. அன்றைய மலாயா என்றால் ரப்பர் தோட்டம், ஈயச் சுரங்கக் குட்டைகள், நெல் வயல், இடைவிடாத மழை. அந்தத் தோட்டங்களில் காடு வெட்டி, வடிகால் வெட்டி, பால் மரம் சீவியவர்களில் பலர் நம் தமிழர்கள். வெறுங்காலோடு சேற்றில் நடப்பதும், காலில் ஆறாத புண்ணோடு வேலைக்குப் போவதும் அவர்களுடைய அன்றாட வாழ்க்கை. இந்தக் கிருமி உடலுக்குள் நுழையும் வழியும் அதுவேதான்: தோலில் ஒரு கீறல், அதில் கொஞ்சம் சேறு.

1953இல் லான்செட் மருத்துவ இதழில் ஊதாக் கிருமியால் நேர்ந்த மரணம் ஒன்றைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதை எழுதியவர்களில் முதல் பெயர் பீட்டர் ஸ்னீத். இவர் 1923இல் இலங்கையில் பிறந்த ஆங்கிலேயர். மருத்துவம் படித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் மலாயாவில் பணியாற்றியவர். அங்கே கிடைத்த ஊதாக் கிருமி அவரை விடவில்லை. இங்கிலாந்து திரும்பியபின் அந்தக் கிருமிக் குடும்பம் முழுவதையும் சேகரித்து ஆராய்ந்தார். அப்போதுதான் இரண்டாவது குழப்பம் அவர் முன்னால் வந்து நின்றது.

ஊதா என்றால் ஒரே சாதியா?

ஊதாக் கிருமிகளின் மாதிரிகள் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்திருந்தன. எல்லாமே ஊதா. ஆனால் வளர்த்துப் பார்த்தால் இரண்டு வேறு குணம். ஒரு பிரிவு, உடல் சூடான 37 டிகிரியில் செழிப்பாக வளரும்; குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியில் வளராது. இன்னொரு பிரிவு 4 டிகிரியிலும் நிதானமாக வளரும்; 37 டிகிரியில் வளராது. முன்னது வெப்ப நாட்டுக்காரன். பின்னது குளிர் நாட்டு ஆற்றிலும் மண்ணிலும் வாழ்வது. இதனோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. நல்ல ஊதாக் கிருமியை மறுபடி மறுபடி வளர்க்கும்போது, அதன் பிள்ளைகளில் சில வெள்ளையாகவே பிறக்கும். நிறம்தான் இனம் என்றால் இந்த வெள்ளைப் பிள்ளை யார்?

நிறம் ஒரு குணம், ஒன்றே ஒன்றுதான். அதற்குத் தனி மரியாதை எதற்கு? எந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது, எந்தச் சூட்டில் வளர்கிறது, எதைச் செரிக்கிறது என்று எத்தனை குணங்களைச் சோதிக்க முடியுமோ அத்தனையையும் சோதித்து, எல்லாவற்றுக்கும் சமமான மதிப்பெண் கொடுத்து, எத்தனை ஒத்துப்போகின்றன என்று எண்ணிப் பார்த்தால் யார் யாருக்கு உறவு என்பது தானாகத் தெரியும் என்று ஸ்னீத் முடிவு செய்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் செனகலில் தாவரங்களை ஆராய்ந்த மிஷெல் அதான்சோன் என்ற பிரெஞ்சுக்காரரும் ஏறக்குறைய இதையே சொல்லியிருந்தார். அதான்சோனிடம் இல்லாத ஒன்று ஸ்னீத்திடம் இருந்தது. அது கணினி. 1957இல், கணினி என்றாலே அறையை அடைக்கும் பெட்டி என்றிருந்த நாளில், கிருமிகளை வகைப்படுத்தக் கணினியைப் பயன்படுத்துவது பற்றி அவர் கட்டுரை வெளியிட்டார். 1963இல் அமெரிக்கப் பூச்சியியலர் ராபர்ட் சோக்கலுடன் சேர்ந்து எழுதிய புத்தகம் எண்ணியல் வகைப்பாடு என்ற புதிய துறைக்கே அடித்தளம் ஆயிற்று. இன்று உயிரினங்களின் உறவுமுறையைக் கணினியில் மரமாக வரைகிறார்கள் அல்லவா? அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று மலாயாச் சேற்றில் கிடந்த ஊதாப் புள்ளி.

1978இல் குளிர் நாட்டுப் பிரிவைத் தனிக் குடும்பமாகப் பிரித்து ஜாந்தினோபாக்டீரியம் என்று பெயர் வைத்தார்கள். நிறம் ஒன்று, வீடு வேறு என்பது அதிகாரபூர்வமாயிற்று.

பொன்னிற ஸ்டஃபைலோகாக்கஸுக்கும் இதே கதிதான். வெள்ளையாக வளரும் 'ஆரியஸ்' உண்டு என்று தெரிந்தபின், நிறத்தை விட்டுவிட்டு, இரத்தத்தின் பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்ற சோதனையைக் கைக்கொண்டார்கள்.

எங்கே வாழ்கிறது?

வெப்ப நாட்டு ஊதாக் கிருமியின் இருப்பிடத்தை உலக வரைபடத்தில் குறித்தால், பெரும்பாலும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 35 டிகிரி அட்சரேகைக்குள் அடங்கும். தென்கிழக்கு ஆசியா, இந்தியா, இலங்கை, வட ஆஸ்திரேலியா, பிரேசில், அமெரிக்காவின் புளோரிடா பக்கம். தேங்கிய நீர், மெதுவாக ஓடும் ஆறு, ஈரமண் இவைதான் அதற்குப் பிடித்த இடம். அமேசானின் கிளையான ரியோ நீக்ரோவின் கருநிற நீரிலும் கரையிலும் இது ஏராளம்.

மண்ணிலிருந்து இதைப் பிடிக்க 1951இல் வில்லியம் கார்ப் என்ற அமெரிக்கர் சொன்ன வழி நமக்கு மிகவும் நெருக்கமானது. விலையுயர்ந்த ஊட்டம் எதுவும் வேண்டாம். தட்டில் மண்ணைப் போட்டு நன்றாக ஈரமாக்கி, வேகவைத்துக் கிருமி நீக்கிய அரிசிப் பருக்கைகளை மேலே தூவி வைத்தால் போதும். சில நாளில் மண்ணுக்குள் ஊதாக் கிருமி இருந்தால் சோற்றுப் பருக்கையில் ஊதா நிறம் ஏறும். மாணவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் சொல்வேன்: தூண்டிலில் புழு வைத்து மீன் பிடிக்கலாம் என்றால், சோறு வைத்துக் கிருமி பிடிக்கக் கூடாதா?

இதன் நிறமிக்கு வயலேசின் என்று பெயர். நம் உணவில் இருக்கும் ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் இரண்டு சேர்ந்து, ஐந்து நொதிகளின் கைமாறி இது உருவாகிறது. இதற்கு ஆக்சிஜன் வேண்டும். அதனால் குடுவையில் வளர்த்தால், காற்றுப்படும் மேல்மட்டத்தில் கண்ணாடியை ஒட்டி ஊதா வளையம் கட்டும். மண்ணிலும் நீரிலும் கிருமிகளை விழுங்கித் திரியும் ஒருசெல் உயிரிகள் உண்டு. அவற்றுக்கு வயலேசின் விஷம். ஊதாக் கிருமியைத் தின்றது, செத்தது. குளிர் நாட்டு உறவினரான ஜாந்தினோபாக்டீரியம் இதே சாயத்தால் சில தவளைகளின் தோலைக் கொடிய பூஞ்சை நோயிலிருந்து காப்பாற்றுகிறது.

இன்னொரு விசேஷம் உண்டு. தனியாக இருக்கும்போது இது சாயம் தயாரிப்பதில்லை. ஒவ்வொரு கிருமியும் ஒரு சமிக்ஞைப் பொருளை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கூட்டம் சேரச் சேர அது நீரில் மிகும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் எல்லாம் ஒன்றாகச் சாயம் போடத் தொடங்கும். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் சேர்ந்தபின் இலை போடுவது போல. 1997இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் தானாகச் சமிக்ஞை தயாரிக்க முடியாத ஒரு வெள்ளை ஊதாக் கிருமியை உருவாக்கினார்கள். பக்கத்தில் வேறு கிருமி அந்தச் சமிக்ஞையை விட்டால் மட்டும் இது ஊதாவாகும். அதாவது, கிருமிகள் பேசிக்கொள்வதை நமக்குக் காட்டும் கருவி. இன்று நம் ஊர்க் கல்லூரிகளிலும் வேம்பு, துளசி, கிராம்பு என்று எதையாவது சாறு பிழிந்து, இந்தப் பேச்சை அது நிறுத்துகிறதா என்று ஊதாக் கிருமியின் தட்டில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள்.

மெந்தகாப் தண்ணீர்

உலகம் முழுவதும் ஆய்வகங்களில் இந்த இனத்துக்கு அளவுகோலாக வைத்திருக்கும் மாதிரிக் கிருமி, மலேசியாவின் பகாங் மாநிலத்து மெந்தகாப் என்ற ஊரின் நன்னீரிலிருந்து எடுக்கப்பட்டது. பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் தங்கள் தேசிய மரபணுத் திட்டத்துக்கு இந்த இனத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நாடெங்கும் பரவியிருந்த 25 ஆய்வகங்கள் ஆளுக்குக் கொஞ்சம் என்று பகிர்ந்து படித்து, 2003இல் அதன் டிஎன்ஏ முழுவதையும் வெளியிட்டார்கள், சுமார் 47.5 லட்சம் எழுத்துகள், 4,400க்கும் மேற்பட்ட மரபணுக்கள். தங்கள் அமேசானில் பெருகிக் கிடக்கும் கிருமியைத் தாங்களே படிக்க வேண்டும் என்ற பெருமிதம் அதில் இருந்தது. படிக்கப்பட்டது மெந்தகாப் தண்ணீர்.

அதன்பின் குடும்பம் பெருகியது. 2007இல் அமெரிக்காவின் மேரிலாந்து காட்டு மண்ணிலிருந்து, உருளைக்கிழங்கு வண்டைக் கொல்லும் ஓர் ஊதா இனம். 2013இல் குருதிநெல்லி விளையும் சதுப்பு மண்ணிலிருந்து இன்னொன்று. 2015இல் ரியோ நீக்ரோவிலிருந்தே அமேசானென்ஸ் என்ற இனம். 2014இல் பனாமா நாட்டில் டெங்கு பரப்பும் கொசுவின் வயிற்றிலிருந்து எடுத்த ஒரு குரோமோபாக்டீரியம், கொசுப்புழுவைக் கொல்வதோடு, கொசுவுக்குள் டெங்கு வைரஸையும் மலேரியா ஒட்டுண்ணியையும் அடக்குகிறது என்று தெரிந்தது. இவற்றுக்கெல்லாம் மேல் எனக்குப் பிடித்தது 2008இல் ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த ஹீமோலிட்டிகம் என்ற இனம். வண்ணக் கிருமிக் குடும்பத்தின் பிள்ளை. ஆனால் நிறமே கிடையாது! பெர்கொன்சினி இருந்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார்.

மருந்துக் கடையிலும் இந்தக் குடும்பத்தின் கைவண்ணம் உண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சி மணற்காட்டு மண்ணில் கிடைத்த ஒரு ஊதாக் கிருமி தந்த பொருளைப் பின்பற்றி உருவானதுதான் அஸ்ட்ரியோனாம் என்ற ஆன்டிபயாடிக். 1986இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜப்பானின் யமகாட்டா மண்ணில் கிடைத்த இன்னொன்று தந்தது ரோமிடெப்சின். தோலில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு 2009இல் அனுமதி கிடைத்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

சொல்கிறேன். ஊதாக் கிருமி நோய் அபூர்வமானது. லட்சக்கணக்கானோர் தினமும் சேற்றில் இறங்குகிறார்கள். யாருக்கோ ஒருவருக்குத்தான் வருகிறது. ஆனால் வந்துவிட்டால் பொல்லாதது. காலிலோ கையிலோ சிறு புண். அது சீழ் பிடிக்கும். ஓரிரு நாளில் கடும் காய்ச்சல். கிருமி இரத்தத்தில் ஏறி, கல்லீரலிலும் நுரையீரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். மருத்துவ இதழ்களில் வந்த பழைய தொகுப்புகளைப் பார்த்தால், இரத்தத்தில் பரவியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. குழந்தைகளும் இளைஞர்களும் அதில் உண்டு. நம் தென்மாநிலங்களிலிருந்தும் கிழக்கு மாநிலங்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இத்தகைய நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் வெளிவந்திருக்கின்றன.

இங்கேதான் அந்தப் பழைய நம்பிக்கை ஆளைக் கொல்லும். வழக்கமாக முதலில் கொடுக்கும் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கிருமி அசையாது. சிப்ரோஃபிளாக்சசின், ஜென்டாமைசின் போன்றவற்றுக்குப் பொதுவாக அடங்கும். ஆகவே கிருமி இன்னதென்று சீக்கிரம் தெரிவதில் உயிரே அடங்கியிருக்கிறது. இரத்தத்தை வளர்த்த தட்டில் ஊதாப் புள்ளி வந்தால், 'இது மண்ணில் இருப்பது, வெளியிலிருந்து வந்து விழுந்திருக்கும்' என்று ஒதுக்கிவிட ஆய்வகத்தில் ஒரு நொடி போதும். நோயாளிக்கு அது நாள் கணக்கில் தாமதம். அதைவிட ஆபத்து வெள்ளைப் பிள்ளை. நிறம் இல்லாமல் வளர்ந்தால், ஊதாவையே எதிர்பார்த்திருக்கும் கண்ணுக்கு அது அகப்படாது. முழுச் சோதனையும் செய்தால்தான் பிடிபடும். எல்லாக் குணத்துக்கும் சம மதிப்பெண் என்ற ஸ்னீத்தின் பாடம் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு மருத்துவமனை ஆய்வகத்திலும் தினமும் வேண்டும்.

வயலில், வாய்க்காலில், வெள்ளத்தில் இறங்குகிறவர்கள் செய்ய வேண்டியது எளிது. காலில் புண் இருந்தால் மூடிக்கொண்டு இறங்குங்கள். முடிந்தால் ரப்பர் காலணி போடுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். புண்ணோடு காய்ச்சலும் வந்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். போனால் ஒரு வார்த்தை கூடச் சேர்த்துச் சொல்லுங்கள்: "ஐயா, சேத்துத் தண்ணியில நின்னேன்." இந்த நோய் மட்டுமல்ல, எலிக்காய்ச்சல், மெலியாய்டோசிஸ் என்று மண்ணிலும் நீரிலும் இருந்து வரும் எல்லாவற்றையும் யோசிக்க அந்த ஒரு வார்த்தை மருத்துவருக்கு உதவும்.

உழவர்களுக்கும், மழைநாளில் குட்டையில் ஆட்டம் போடும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்தப் பதிவின் கடைசிப் பத்தியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள். மற்றதை மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.